தாழை முள்ளும் மனாடோ மாப்பிள்ளையும்

என் தங்கை சுமர்னி வெளியூர்க்காரரைக் கட்டிக்கொண்டு மூன்று வருடமாகிறது. எங்கள் தெங்கானன் கிராமத்தில் அப்படிப் போன பெண்ணுக்கு ஊர்ச் சபையில் இடம் கிடையாது. திருவிழாவுக்கு வந்தாலும் விருந்தாளிதான். அதனாலேயே அவள் இதுவரை வரவில்லை. இந்த வருடம் தாழைச் சண்டை நடக்கிற நாளன்று காலையில், சொல்லாமல் கொள்ளாமல் புருஷனோடு வந்து இறங்கினாள்.

மாப்பிள்ளை நோல்டிக்கு ஊர் வடக்கே, கடல் தாண்டி மனாடோ. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸ். ஆறடி உயரம், யாரைப் பார்த்தாலும் சிரிப்பு. அப்பா அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. போனில் அவர் குரல் கேட்டாலே அம்மாவிடம் நீட்டிவிடுவார். அன்றும் முற்றத்தில் உட்கார்ந்து சேவலின் காலை நீவிக்கொண்டே, "வந்தாச்சா?" என்று சேவலைப் பார்த்துத்தான் கேட்டார்.

அம்மாதான் ஓடியாடிக் கவனித்தாள். அப்பாவின் வேட்டி ஒன்றை எடுத்து மாப்பிள்ளைக்குக் கட்டிவிட்டாள். அது முழங்காலோடு நின்றுவிட்டது.

"நாத்து நடப் போற மாதிரி இருக்கீங்க," என்று சுமர்னி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மதியம் சபை மண்டபத்தின் முன்னால் கூட்டம் நெரிந்தது. இரும்பு வாத்தியம் முழங்க, எங்கள் பையன்கள் ஜோடி ஜோடியாக மேடை ஏறி, முள் நிறைந்த தாழை மடல் கட்டால் ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்தார்கள். இதில் ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. இந்திரனுக்குக் காணிக்கையாக நாலு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். சுமர்னியும் நோல்டியும் வெளியூர்க்காரர்களோடு ஓரமாக நின்றார்கள். அவள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

கடைசியில், நடுவராக நின்ற ரெந்தா சித்தப்பா கையை உயர்த்தினார். "விருந்தாளிங்க யாராவது வர்றீங்களா? பயப்படாதீங்க, ரெண்டே நாள்ல ஆறிடும்!"

நோல்டி மெல்லப் பின்னால் நகர்ந்தார். சுமர்னி விடவில்லை. "தினம் நாப்பது பேருக்கு ஊசி குத்துறீங்கல்ல? ஒரு நாள் நீங்க வாங்கினா என்ன?"

கூட்டம் கைதட்டியதும் மனுஷர் சட்டையைக் கழற்றிவிட்டார். எதிரே நிற்க நான் எழுந்தேன். என் தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டு அப்பா எழுந்தார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. மேடை ஏறிப் பத்து வருடமாகியிருந்தது.

"ஐயோ, இந்த ஆளுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று அம்மா கத்தினாள்.

நோல்டி பிரம்புக் கேடயத்தைக் காப்பித் தட்டுபோல ஏந்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். மாமனார்மேல் கைவைக்க மனம் வரவில்லை. அப்பாவுக்கு முகம் சிவந்தது. "அடிடா! சாமிக்குச் செய்யறதுடா இது! கல்லு மாதிரி நின்னா எப்படி?"

அப்பா அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அடுத்த நொடி இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். மாப்பிள்ளையின் முதுகில் அப்பா சரக்கென்று இழுக்க, அவர் "அம்மாடி!" என்று அலறியபடியே அப்பாவின் முதுகில் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். சித்தப்பா பிரித்துவிட்டபோது இரண்டு முதுகிலும் ரத்தக் கீறல். இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டு முற்றத்தில் நோல்டி அப்பாவின் பின்னால் உட்கார்ந்து முள் எடுத்தார்.

"எடுக்கிறியா, சும்மா தடவுறியா? வலியே தெரியலையே!"

"பாதிக்கு மேல எடுத்துட்டேன் மாமா. ஆடாம இருங்க."

பதிலுக்கு அப்பா எடுக்க ஆரம்பித்ததும் மாப்பிள்ளை போட்ட கூச்சலில் சேவல்கள் மிரண்டுபோயின. கீறல்மேல் அம்மா காடியில் அரைத்த மஞ்சளையும் சித்தரத்தையையும் அப்பியபோது, ஆறடி மனுஷர் தரையில் நிற்கவில்லை.

சாப்பாட்டுக்கு அப்பா பெரிய வாழையிலையில் சோற்றைக் குவித்து, பன்றிக்கறியைச் சுற்றிலும் வைத்தார். எல்லோரும் ஒரே குவியலில் கைவைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். சுமர்னி தயங்கி நின்றாள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கிறே? சபை வேற, என் வீடு வேற. உக்காரு," என்றார் அப்பா.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் அப்பா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "ஏன்ப்பா, உங்க ஊர்ல எலி திம்பாங்களாமே, நெசமா?"

"வயல் எலி மாமா. மிளகா நிறையப் போட்டு வறுத்தா, கோழியெல்லாம் பக்கத்துல நிக்க முடியாது."

"அப்படியா? அப்ப வந்து ஒரு கை பார்த்துட வேண்டியதுதான்."

"நானும் வருவேன்," என்றாள் அம்மா அவசரமாக. "ஆனா எனக்கு மீன்தான்!"

இரண்டு மாதம் கழித்து நிஜமாகவே போய்வந்தார்கள். எலி எப்படி இருந்தது என்று கேட்டால், அப்பா மீசையைத் தடவிக்கொள்கிறார். அம்மா எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.