அளத்து முதலாளிக்கு ஒரு பாட்டு

எல்லாரும் கவிதை எழுதலாம் என்று சொன்ன அந்தக் கௌதமன் நாசமாய்ப் போக! இப்படித்தான் ஆரம்பிப்பேன். வேறு எப்படி ஆரம்பிக்கச் சொல்கிறீர்கள்?

பாண்டிச்சேரியிலிருந்து வந்தான். முப்பது வயது இருக்கும். கதர் ஜிப்பா, தோளில் துணிப்பை. ஊர் ஊராகப் போய் ஜனங்களைக் கவிதை எழுத வைக்கிற அமைப்பாம். மரக்காணத்தில் உப்பு வாருகிற எங்களை விடுவானா? மழைக்காலம், பாத்தியெல்லாம் தண்ணீர், எங்களுக்கு வேலை இல்லை. சமுதாயக் கூடத்தில் ஞாயிறுதோறும் வகுப்பு வைத்தான். டீயும் மசால்வடையும் உண்டு. வடைக்குத்தான் போனேன், பொய் சொல்வானேன்.

"கவிதைன்னா பெரிய விஷயமில்லக்கா. மனசுல இருக்கறத அப்படியே சொல்லுங்க. ராகம் வந்தா ராகத்தோட சொல்லுங்க" என்பான்.

பிடித்துப்போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். பாத்திரம் துலக்கும்போது ஒரு வரி வரும். அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டு கையை அப்படியே வைத்திருப்பேன். "அம்சவள்ளிக்குக் கிறுக்கு புடிச்சிட்டுது" என்று கொளஞ்சியம்மாள் சிரிப்பாள். அவளும் நானும் ஒரே உப்பளத்தில் வேலை.

அந்தக் கொளஞ்சியம்மாளை வைத்துத்தான் வம்பே வந்தது. அளம் எப்படி இருக்கும் தெரியுமா? கண்ணுக்கெட்டின தூரம் தட்டை. ஒரு புதர் கிடையாது, ஒரு மரம் கிடையாது. ஆம்பளைகள் திரும்பி நின்றால் முடிந்தது. நாங்கள்? விடியற்காலை வந்தால் வீட்டுக்குப் போகிறவரை அடக்கிக்கொள்ள வேண்டும். அடக்கவேண்டுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. போன கோடையில் கொளஞ்சியம்மாளுக்கு நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பொம்பளைகள் ஒதுங்க ஒரு மறைப்பு கட்டித்தரச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டேன். "கடல் பக்கத்துலதான இருக்குது, போயிட்டு வா" என்று இளித்தான். முதலாளி தெய்வசிகாமணி அளத்துப் பக்கமே வருவதில்லை.

அந்த முதலாளிதான் வகுப்பின் நிறைவு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் என்று கௌதமன் சொன்னதும் எனக்குத் தூக்கம் போயிற்று. மைக்கில், ஊர் நடுவில், கவிதையாகக் கேட்டால் மறுக்க முடியுமா? நான்கு நாள் உட்கார்ந்து கட்டினேன். மரியாதையாகத்தான் கட்டினேன்.

பொங்கல் கழிந்து விழா. முதலாளிக்கு முந்தின மாதம்தான் நெஞ்சில் ஆபரேஷன் ஆகியிருந்தது. மேடையில் நாற்காலியில் சாய்ந்து, கழுத்து நிறைய ரோஜா மாலையோடு, அசதியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

வெள்ளி வெளையுற பாத்தி, என் மொதலாளி ராசாவே,
வெயிலுக்கு நாங்க அஞ்சலையே!
ஒதுங்க ஒரு மறப்பு இல்ல, என் மொதலாளி ராசாவே,
ஒடம்பு எரிஞ்சு சாகறமே!

பேச்சாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். ராகமாக வந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்த ராகம் ஒன்றுதானே? எழவு வீட்டில் மாரடித்துப் பாடிப் பழகின வாய். மாலையோடு நாற்காலியில் சாய்ந்த ஆளைக் கண்டதும் அதுவாகவே ஒப்பாரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கு அது உறைக்கவே இல்லை. கீழே பாயில் இருந்த பொம்பளைகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பழக்கதோஷம், ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொண்டு, ஒவ்வொரு 'ராசாவே'க்கும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். கொளஞ்சியம்மாள் நெஞ்சில் அடித்தே விட்டாள்.

முதலாளி கண்ணைத் திறந்தார். மாலையைப் பிய்த்து எறிந்தார்.

"உசுரோட இருக்கறவனுக்கு ஒப்பாரி வைக்கிறியாடி? என் அளத்துல உப்பு வாரித் தின்னுட்டு எனக்கே எழவு கூட்டுறியா?"

"ஐயோ மொதலாளி, அப்படி இல்லைங்க! மறப்பு ஒண்ணு கேட்டேங்க..."

யார் காதில் விழுந்தது? ராகம் மட்டும் அத்தனை பேருக்கும் கேட்டது. நான் கேட்ட சங்கதி ஒருத்தருக்கும் கேட்கவில்லை. கௌதமன் மட்டும் ஒன்றும் புரியாமல், "மண்ணின் குரல்! மண்ணின் குரல்!" என்று கைதட்டிக்கொண்டிருந்தான்.

மாசி பிறந்து அளம் திறந்தது. எல்லாரையும் கூப்பிட்ட மேஸ்திரி என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து அளத்தில் போய் நின்றேன். "ஏம்மா, நீ பாடுனா ஆளு போயிடுமாமே" என்று அங்கேயும் திருப்பி அனுப்பினார்கள். மறைப்பு என்கிற வார்த்தையை இனி எவளும் வாயில் எடுக்கமாட்டாள். அப்படி ஆக்கிவிட்டேன். அதுதான் வயிறு எரிகிறது.

கௌதமனுக்குப் போன் போட்டேன். "தம்பி, நீ ஒரு வார்த்த வந்து மொதலாளிகிட்ட சொல்லுப்பா. வேணும்னு பாடலன்னு சொல்லு. அந்த மறப்பு விஷயத்தையும் சொல்லு."

"அக்கா, அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம், நாங்க தலையிட முடியாது. ஆனா இந்த வலி இருக்கு பாருங்க, இதை விட்றாதீங்க. அப்படியே கவிதையா எழுதுங்க. எல்லார் கவிதையும் சேத்து ஒரு புக் போடறோம், அதுல முதல் பக்கத்துல வைக்கிறோம்."



"எழுதுறது இன்னா தம்பி, இப்பவே வருது. கேக்கறியா?" என்றேன். இந்த முறை தெரிந்தே ஒப்பாரியாக இழுத்தேன்.

மைக்கு புடிச்ச கையி, என் கௌதமன் ராசாவே,
மண்ணாகிப் போகுதய்யா!
வாயத் தொறக்கச் சொன்ன ராசாவே,
வயித்துக்கு வழிய அடச்சியே!

 "அருமைக்கா!" என்றான். "என் பேரெல்லாம் வச்சு... எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மொதல் வரி மட்டும் ரெக்கார்டு ஆகல. இன்னொரு தடவை பாடுறீங்களா?"

பாடினேன். இரண்டாம் வரியில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. அவன் அதையும் பதிவு செய்துகொண்டான்.