நாற்பத்தொன்றாவது கனவு

என் வேலை மெய்ப்புப் பார்ப்பது. டிராகனும் இளவரசனும் எழுத்தாளர் பாடு, பிழை என் பாடு. இந்த எழுத்தாளரின் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் தீர்க்கதரிசனம், கண்ணை மூடினால் கனவு. நான்கு பாகங்களில் மொத்தம் நாற்பத்தொன்று. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் பலிக்கும்போது சிவப்பு டிக் போடுவேன். இல்லாவிட்டால் வாசகர்கள் சும்மா விடமாட்டார்கள்.

ஐந்தாவதும் கடைசியுமான பாகம் வந்தபோது ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கோட்டைக் காவலன் முதல் பாகத்தில் கண்ட கனவு அது: வெற்றி நாளன்று அவனுடைய அக்கா அவன் மடியில் உயிர்விடுவாள். கடைசி அத்தியாயத்திலோ அந்த அக்கா தேரேறி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுத்தாளருக்குப் போன் போட்டேன்.

"என்ன சார், பன்னெண்டு வருஷமா பயமுறுத்திட்டு இப்ப ஊர்வலம் விடுறீங்க?"

"அப்படியே விட்டுடுங்க மேடம். அது எங்க அக்காவ நெனச்சு எழுதினது. வெள்ளிக்கிழமை அவங்களுக்கு இதயத்துல ஆபரேஷன். என் கையால எப்படி எழுதுவேன்?"

என் கோபம் வந்த வழியே போய்விட்டது. சரி என்று சொல்லிவிட்டு, அச்சுக்கு அனுப்பக் கையெழுத்து வாங்க மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். எழுத்தாளர் பேனாவைத் தேடுவதற்குள் கட்டிலில் இருந்த அவருடைய அக்கா கடைசி அத்தியாயத்தை வாங்கிப் படித்துவிட்டார். எல்லாப் பாகங்களுக்கும் முதல் வாசகி அவர்தான்.

"அவ ஏன்டா சாகல?"

தம்பி ஜன்னலைப் பார்த்தார்.

"எனக்காக மாத்துனியா? அப்ப நான் பொழைக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்ட."

"அப்படி இல்லக்கா."

"அப்ப எழுது. அவ வேற, நான் வேற."

அங்கேயே தம்பி சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் எழுதினார். எழுத எழுத அக்கா வாங்கிப் படித்தார். காவலன் மடியில் அவள் தலை சாய்ந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இவ்ளோ சீக்கிரம் வேண்டாம்டா. தம்பிகிட்ட இன்னும் ரெண்டு வார்த்தை பேசட்டும்."

தம்பி உடைந்து அழுதார். என்னாலும் அடக்க முடியவில்லை. அதை மறைக்கத்தான் நோட்டைத் திறந்து, நாற்பத்தொன்றாவது டிக் போட, பாக்கியிருந்த அந்த வரிக்கு எதிரே சிவப்புப் பேனாவைக் கொண்டுபோனேன். அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார். அவர் விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அதை மட்டும் இப்பப் போடாதம்மா," என்றார் மெதுவாக. "வெள்ளிக்கிழமை போகட்டும். சனிக்கிழமை வந்து என் எதிர்லயே போடு."