ஒருவர்வழிப் பாதை

ஒன்பதாம் எண் பாதையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது என்பது அதைத் திறந்த நான்காம் நாளே தெரிந்துவிட்டது. புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி, பழைய ரயில் நிலையத்தை ஒட்டிய நுழைவில் கைகோத்தபடி உள்ளே போனது. பத்தடி தாண்டியதும் இருவர் கையும் காலியாக இருந்தது. பதினோரு கிலோமீட்டர் தள்ளி, அணைக்கட்டு முனையில் இருவரும் ஒரே நேரத்தில் வெளியே வந்து, யார் யாரை விட்டுவிட்டுப் போனது என்று அங்கேயே சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் சைக்கிள் சங்கத்தார் நாற்பது பேர் மணியடித்துக்கொண்டு கிளம்பினார்கள். நாற்பது பேரும் ஆளில்லாத பாதையில் தனித்தனியாக மிதித்து, அணை முனையில் ஒருவர்மேல் ஒருவர் மோதி விழுந்தார்கள். கைக்குழந்தைகள் மட்டும் தாயின் இடுப்பிலேயே இருந்தன. பாதை அவற்றை இன்னும் ஆளாகச் சேர்க்கவில்லை போலும்.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. தண்டவாளத்தைப் பெயர்த்த தடத்தில் போட்ட பாதை அது. அகலம் குறைவு. சைக்கிள்கள் எதிரெதிரே வராமலிருக்க, ‘ஒருவழிப் பாதை’ என்று பலகை வைக்கச் சொல்லியிருந்தார் பொறியாளர். பலகையில் இருந்ததோ ‘ஒருவர்வழிப் பாதை’. அலுவலக எழுத்தர் போனில் சொன்னதைக் கேட்டுப் பெயிண்டர் எழுதியது.

“ஒருவழின்னு தெளிவாத்தானேய்யா சொன்னேன்?”

“வாய் நிறைய பிஸ்கட்ட வெச்சுக்கிட்டு சொன்னீங்க சார். என் காதுல விழுந்தத எழுதிட்டேன்.”

பலகையைத் திருத்த யாரும் அவசரப்படவில்லை. பரீட்சைக்குப் படிப்பவர்கள், சொந்தக்காரர்கள் வந்து தங்கியிருக்கும் வீட்டுக்காரர்கள், அழ இடம் தேடியவர்கள் எல்லாம் காலையிலேயே வரிசையில் நின்றார்கள். இரண்டு வருஷம் அப்படியே போனது.

பெயிண்டரின் மனைவிக்கு ஆஸ்பத்திரி விசாரணை கவுன்டரில் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமை, கைப்பையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். “நாள் பூரா எந்த மாடி, எந்த ரூம்னு கேட்டே கொல்றாங்க. யாரும் எதுவும் கேக்காம கொஞ்ச தூரம் நடந்துட்டு வரேங்க.”

“சாப்பிட வந்துடுவியா?”

“பாத்தீங்களா, நீங்களும் கேக்குறீங்க” என்று சிரித்தபடி போனவள், அணை முனையில் வெளியே வரவில்லை.

போலீஸ்காரர்கள், சைக்கிள் சங்கத்தார், ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று இருநூறு பேர் தேடினார்கள். உள்ளே போன ஒவ்வொருவரும் தன்னந்தனியாகத்தான் தேட வேண்டியிருந்தது. ஆறாவது கல்லருகே உரித்த ஆரஞ்சுத் தோல் ஈரம் காயாமல் கிடந்ததைப் பெயிண்டர்தான் பார்த்தான். அன்றுமுதல் தினமும் அதே இடத்தில் இரண்டு பழங்களை வைத்துவிட்டு வந்தான். மறுநாள் தோல் மட்டும் இருக்கும். ஆக, இருக்கிறாள் என்று ஊரார் முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரி அவள் பெயரை நீண்ட விடுப்பில் போட்டது. வீட்டில் ஒரு தட்டு கழுவப்படாமலேயே சுத்தமாக இருந்தது.

பாதை திறந்த மூன்றாம் வருஷக் கடைசியில், பலகையை உடனே திருத்தும்படி தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. “அந்த ‘வர்’ர அழிச்சா முடிஞ்சுதுய்யா, அஞ்சு நிமிஷ வேலை” என்றார் பொறியாளர். ஒருவர்வழி போய்விட்டால் அதில் இருப்பவள் பொதுவழியில் வந்து நிற்பாளா, அல்லது அதோடு சேர்ந்து அவளும் போய்விடுவாளா என்று பெயிண்டர் கேட்டான். “எனக்கு என்னய்யா தெரியும்?” என்றார் அவர். உண்மையில் அது யாருக்கும் தெரியவில்லை. மழை என்றும், பெயிண்ட் கெட்டியாகிவிட்டது என்றும் நான்கு நாள் கடத்தினான். ஐந்தாம் நாள் ஏணி போட்டு ஏறினான். ‘வர்’ மேல் சுரண்டியை வைத்தான். வெகுநேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சுரண்டியை இடப்பக்கம் நகர்த்தி, முதலில் இருந்த ‘ஒ’வைச் சுரண்டி எடுத்தான். அந்த இடத்தில் ‘இ’ எழுதினான். இருவர்வழிப் பாதை. பிரஷ்ஷை ஏணியிலேயே விட்டுவிட்டு உள்ளே நடந்தான்.

இரண்டாவது கல்லைத் தாண்டும்போது பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. வெயிலில் கறுத்திருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். “இன்னும் அந்தப் பெயிண்டு சட்டையதான் மாட்டிக்கிட்டு அலையுறீங்களா?” என்றாள். அவனிடம் ஒரு வருஷத்துக் கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுவதையும், பக்கத்து வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டதையும் சொல்லிக்கொண்டே நடந்தான். அணை முனையில் கையை நீட்டினான். அவள் அவன் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுவிட்டு, “நீங்க போங்க” என்றாள். வெளியே காலை வைத்ததும் பக்கத்தில் யாருமில்லை. பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி உள்ளே போனான். இரண்டாவது கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது.

அதன்பின் அந்தப் பாதையில் தனியாகப் போன யாரும் தனியாக நடக்கவில்லை. மூன்று நண்பர்கள் போனபோது நான்காவதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பிளாஸ்கை மட்டும் வாங்கித் தூக்கிக்கொண்டார். விசாரிக்க வந்த பொறியாளர், அளவு நாடாவோடு தனியாக உள்ளே போனார். திரும்பி வந்தவர் பலகையை அப்படியே இருக்க விட்டார். மறுவருஷம் அலுவலகம் அச்சிட்ட நடைபாதைக் கையேட்டில், ஒன்பதாம் எண்ணுக்கு நேரே இப்படி இருந்தது: பதினோரு கி.மீ. மிதமான ஏற்றம். நிழல் குறைவு. துணை கிடைக்கும்.