முட்டை வாடை அடிக்கும் கிரகம்

ஜெலுத்தோங் கடற்கரையில் பழுதுபார்க்க ஏற்றி நிறுத்தியிருந்த சரக்குப் படகின் அடித்தொட்டிக்குள் சிவநேசன் சேறு சுரண்டிக்கொண்டிருந்தான். மேலே, ஓர் ஆள் மட்டும் நுழையக்கூடிய துளையருகே பெர்னார்ட். சிவநேசனின் உடலில் கட்டி, துளைக்கு மேல் நிற்கும் மூன்றுகால் தூக்கியில் மாட்டிய கயிற்றை அவன் விடக்கூடாது. உள்ளே இருப்பவனைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"ஓகேயா?" என்று கேட்டால் பாதி மயக்கத்திலும் "ஓகே" வந்துவிடும். அதனால் இருவரும் கதை பேசுவார்கள். சிவநேசனின் கதை, கைப்பேசியில் படிக்கும் கிரகங்கள். திங்கட்கிழமையிலிருந்து எச்டி 189733 பி என்ற கிரகம். கேட்டுக் கேட்டு பெர்னார்டுக்கே மனப்பாடம்.

"எவ்வளவு தூரம்டா?"

"அறுபத்து நாலு ஒளியாண்டு. வியாழன் சைஸ். பார்க்க நீலமா இருக்கும், கடல்னு நினைச்சிடாத."

"மழை?"

"கண்ணாடி. பக்கவாட்டுல அடிக்கும். காத்து மணிக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. உன்ன அங்க நிக்க வச்சா சட்டை பட்டன்கூட மிஞ்சாது."

"உன் மாமியார நிக்க வை லா."

உள்ளே சிரிப்பு. சுரண்டும் சத்தம் தொடர்ந்தது.

"வெப் டெலஸ்கோப் அங்க ஹைட்ரஜன் சல்பைட் கண்டுபிடிச்சிருக்கு. அழுகின முட்டை வாடை. இங்கயும் அதேதான், சேத்தக் கிளறுனப்ப."

"இப்ப?"

"இப்ப இல்ல. போயிருச்சு."

பெர்னார்டின் பிடி இறுகியது. பாதுகாப்புப் பயிற்சியில் கேட்டதில் அது ஒன்றுதான் அவனுக்கு ஞாபகம்: வாடை சட்டென்று நின்றால் வாயு போகவில்லை, மூக்கு செத்துவிட்டது.

"சிவா, ஏறு."

"ஒரு மூலை... இருக்கு."

"அங்க ஒரு வருஷம் எத்தன நாள்? சொல்லு."

"எந்த... வருஷம்?"

விடை, இரண்டு நாளும் கொஞ்சமும். நேற்றுகூடப் பெருமையாகச் சொன்னவன்.

மேற்பார்வையாளர் லோகேஸ்வரன் சத்தம் கேட்டு வந்தான். "ஏன் கத்துற? காலைல கேஸ் மீட்டர்ல பார்த்தப்ப ஓகேதானே."

"அது சேத்தக் கிளறுறதுக்கு முன்னாடிண்ணே. மீட்டர் எங்க?"

"பக்கத்துத் தொட்டியில. இருக்கிறது ஒண்ணுதானே. சாயங்காலம் கடல் தண்ணி ஏறினா படகு இறங்கணும், தெரியும்ல?"

சுரண்டும் சத்தம் நின்றது.

"நான் போய்த் தூக்குறேன்." லோகேஸ்வரன் துளைக்குள் காலை விட்டான். பெர்னார்ட் அவன் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினான்.

"போனா ரெண்டு பொணம். கைப்பிடியச் சுத்துங்க."

மூன்றுகால் தூக்கியின் கைப்பிடி கிறீச்சிட்டது. கயிறு விறைத்து ஏறியது. விளிம்பில் சிவநேசனின் தோள் மாட்டிக்கொண்டது. பெர்னார்ட் மூச்சை அடக்கி, குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டுத் தோளைத் திருப்பினான். சிவநேசனின் தோளில் ஏதோ மளுக்கென்றது. ஆள் வெளியே வந்தான்.

காற்றடிக்கும் பக்கம் இழுத்துப் போட்டார்கள். உதடு கறுத்திருந்தது. இருமினான். வாந்தி எடுத்தான். பிறகு கண்ணைத் திறந்தான்.

"ஏன்டா இழுத்த? முடிச்சிருப்பேனே."

பெர்னார்ட் லோகேஸ்வரன் பக்கம் திரும்பினான்.

"ஆம்புலன்ஸ கூப்பிடு. அப்புறம் பக்கத்துத் தொட்டில இருக்கிறவன மேல வரச் சொல்லு."

லோகேஸ்வரன் கைப்பேசியை எடுத்தான். எண் தப்பியது. மறுபடி அழுத்தினான்.