தட்டில் வந்த போன்

எங்கள் நிச்சயதார்த்தத்தில் விமல்ராஜ் வீட்டார் வைத்த தட்டு ஒன்றில், வெற்றிலை, பூ, பழத்துக்கு நடுவே புதுப் போன் இருந்தது. உறையில் அவன் பெயரும் என் பெயரும் அச்சடித்திருந்தார்கள். உள்ளே எல்லாவற்றையும் அவனே சரிசெய்து வைத்திருந்தான். வேங்கிக்காலில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற மாப்பிள்ளை ஆயிற்றே! "தட்டுல வந்த பொருளு நந்தினி, எதையும் மாத்தாத" என்றாள் அம்மா. அவன் போட்டுவைத்த லாக் நம்பரைக்கூட நான் மாற்றவில்லை. அவ்வளவு மக்கு நான்.

போன மாதம் ஒரு விடியற்காலையில் தோழி ஓவியாவோடு கிரிவலம் போனேன். கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டுதல். அவளைத் தவிர யாரிடமும் சொல்லாமல் சுற்றுவதாக வேண்டியிருந்தேன். மறுநாள் விமல்ராஜ் போனில் கேட்டான்.

"அடி அண்ணாமலை கோயில்கிட்ட முக்கா மணி நேரம் யாருக்காக நின்னுட்டு இருந்த?"

காலில் கொப்புளம் வந்து உட்கார்ந்திருந்தேன். அதைத் தப்பு செய்தவள் மாதிரி மென்று விழுங்கிச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறையத் தோன்றுகிறது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. இவனுக்கு எப்படித் தெரியும்?

நான் வேலை பார்க்கிற விடுதிக்கு எதிரே மணிமொழி போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். அரை மணி நேரம் நோண்டினாள்.

"பேட்டரி சேவர்னு பேரு வெச்சிருக்காங்கக்கா. ஆனா வேவு பாக்குற ஆப். நீங்க எங்க போறீங்க, என்ன எழுதறீங்க, எல்லாம் இன்னொருத்தருக்குப் போவுது. தினம் ஏழு மணிக்கு மேல மைக் வேற ஆன் ஆயிருக்கு. தானா வந்தது இல்ல, போனைக் கையில வெச்சு யாரோ போட்டிருக்காங்க. எடுத்துடட்டா?"

உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவிடம் வயிற்றுவலி என்று முனகியது, ஓவியாவோடு கண்டதையும் பேசிச் சிரித்தது, எல்லாவற்றையும் அந்தத் திருட்டு நாய் கேட்டிருக்கிறான். "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் போனை ஸ்கூட்டர் டிக்கியிலேயே பூட்டிவிட்டு அம்மா அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பவில்லை.

"அவர் அப்படிப்பட்ட பையன் இல்லம்மா. ரிப்பேர் கடையில எதுனா சொல்லி பயமுறுத்துவாங்க" என்றார் அப்பா.

"கீழ்பென்னாத்தூர் வரைக்கும் பத்திரிகை வெச்சாச்சுடி" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை. ஏழரை மணிக்குப் போனை எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்தேன். யாரையும் அழைக்கவில்லை. திரை இருட்டாகவே கிடந்தது.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்மா. விமல்ராஜை நான் கட்டிக்க மாட்டேன்" என்றேன் சத்தமாக.

"வாயை மூடு!" என்று அப்பா கத்தினார்.

நான் மூடவில்லை. திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். இரண்டு நிமிடம் இருக்கும், போன் அடித்தது. விமல்ராஜ். கையில் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"கல்யாணம் வேணாமா? எவன்டி சொல்லிக் குடுத்தான்? உங்கப்பா வாயை மூடுன்னு சொல்லியும் மூடாம கத்தறியா?"

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"எங்க வீட்டுக்குள்ள நாங்க பேசினது உனக்கு எப்படிடா கேட்டுச்சு?"

அம்மா மறுபடியும் கேட்டாள், இந்த முறை தெருவுக்கே கேட்கும்படி.