அடிக்குறிப்பில் இருந்த கடன்

காலை பதினோரு மணிக்கு வீட்டோடு தொலைபேசியில் பேச அவளுடைய முறை. அதற்குமுன் அட்டவணையில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

நிதித்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் கிடையாது. வரவுசெலவுத் திட்டம் அவையில் வாசிக்கப்படும்வரை அதைத் தயாரிப்பவர்கள் இங்கேயே வேலை பார்த்து, இங்கேயே சாப்பிட்டு, இங்கேயே தூங்குவார்கள். கைப்பேசிகளை நுழைவாயிலிலேயே வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். நாளைக் காலை உரை. பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பக்கம்தான் பாக்கி.

அந்தப் பக்கம் அவள் மேஜையில் இரண்டு வடிவங்களில் கிடந்தது. ஒன்றில் அரசின் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐம்பத்தெட்டு சதவீதம். மற்றதில் அறுபத்து நான்கு. கூட்டல் இரண்டிலும் சரிதான். வித்தியாசம் அரசுப் பேருந்துக் கழகம் வாங்கிய கடன். வாங்கியது கழகம், உத்தரவாதம் கொடுத்தது அரசு. கழகத்தால் வட்டிகூடக் கட்ட முடியாமல் போய்ப் பல வருடமாகிறது. அரசுதான் அதை உதவித்தொகை என்ற தலைப்பில் கட்டிவந்தது. கடன் மட்டும் அட்டவணைக்குக் கீழே, பொடி எழுத்தில், அடிக்குறிப்பாக இருந்தது.

கட்டப்போவது யாரோ கடன் அவருடையது என்று அவள் ஒவ்வொரு வருடமும் குறிப்பு எழுதினாள். ஒவ்வொரு வருடமும் 'பார்த்தேன்' என்ற ஒரே சொல்லோடு அது திரும்பி வந்தது. இந்த வருடம் தணிக்கையாளர்களும் அதையே கேட்டுவிட்டார்கள்.

இயக்குநர் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தார். பிரிவில் அவளுக்குத் தசமம் என்று பெயர். எந்த எண்ணையும் முழுதாக்க விடமாட்டாள் என்பதால் அவர் வைத்த பெயர்.

"என்ன தசமம், தணிக்கையும் உங்க பக்கம், ஜெயிச்சாச்சு. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"தூக்கம் இல்ல சார்."

"அமைச்சர் உரையில பற்றாக்குறை குறைஞ்சிருக்குன்னு வருது. அது அப்படியே இருக்கட்டும்."

"அது உண்மைதானே சார். இந்த வருஷத்துக்கு வரவை விடச் செலவு எவ்வளவு அதிகம்ங்கிறதுதான் பற்றாக்குறை. அது குறைஞ்சிருக்கு. வட்டியைத் தள்ளிட்டுப் பாத்தா மிச்சமே வருது."

"அப்புறம் கடன் மட்டும் எப்படி ஏறுதுன்னு கேப்பாங்க."

"வட்டியைத் தள்ளிட்டுப் பாக்கலாம். கட்டாம இருக்க முடியாதே. குறைஞ்ச பற்றாக்குறையும் பழைய கடன் மேலதான் போய் உக்காருது."

அவர் சிரித்தார். "எடை பாக்கறப்ப செருப்பைக் கழட்டுவாங்க. நாங்க ஒரு காலைத் தூக்கிக்கிட்டு நின்னோம். நீங்க ரெண்டு காலையும் வைக்கச் சொல்றீங்க." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சட்டம் அறுபதுக்கு மேல போகக்கூடாதுங்குது. அறுபத்து நாலுன்னு போட்டா, எப்படிக் குறைக்கப்போறோம்னு அதே உரையிலயே சொல்லணும். கழகத்தோட பணிமனை நிலம்தான் விக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பத்தியும் தயார். பணிமனையை மூடறாங்க."

அவள் தலையாட்டினாள். அந்தப் பத்தியை நேற்றே படித்திருந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் அங்கதானே?"

"இஞ்சின் பிரிவு."

"கையெழுத்தை நீங்க போட வேணாம். நான் போட்டுக்கறேன். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டை எடுத்து மேலே வைத்தால் அவர் மறுக்கமாட்டார். ஒருவேளை அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. அடிக்குறிப்பு இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போகும். வட்டி ஏறும். பணிமனை திறந்திருக்கும். அவன் மாலையில் கையில் கிரீஸ் வாசனையோடு வருவான்.

"என் அட்டவணை சார்," என்றாள். அறுபத்து நான்கின் கீழே கையெழுத்துப் போட்டாள். இயக்குநர் தாளை எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தின் சத்தம் நின்று, வேறு வேகத்தில் மறுபடி தொடங்கியது.

தொலைபேசி நடைபாதையின் கோடியில் இருந்தது. பக்கத்தில் காவலர். ஒலிபெருக்கியில்தான் பேச வேண்டும். வீட்டு விஷயம் பேசலாம். அலுவலக விஷயம் என்று பட்டால் துண்டித்துவிடுவார். அவர் விரல் எப்போதும் பொத்தான் மேலேயே இருக்கும். வந்த முதல் நாள் அவளிடம், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சுக்கங்க," என்றிருந்தார்.

முதல் மணியிலேயே கணவன் எடுத்தான்.

"சாப்டியா?"

"ம். பாப்பாவுக்குப் பல் விழுந்துச்சா?"

"அது இன்னும் ஆடிட்டே இருக்கு. அரசாங்கம் மாதிரி." காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இங்க பாரு, ஒண்ணு கேக்கணும். விருப்ப ஓய்வுக்கு இன்னிக்குச் சாயந்தரம்தான் கடைசி. இப்பப் போனா முழுப் பணம். பின்னாடி அவங்களா அனுப்பினா பாதிகூடத் தேறாது. யூனியன்ல யாரும் எழுதிக் கொடுக்காதீங்கங்கறாங்க. கடன் கழகத்தோடதாம். அரசாங்கத்துக் கணக்குலயே வராதாம். அதனால நம்மள யாரும் தொட மாட்டாங்களாம்."

காவலரின் விரல் பொத்தானில் படிந்தது. அழுத்தவில்லை. இது வீட்டு விஷயமா, அலுவலக விஷயமா என்று அவரும் அவள் முகத்தைப் பார்த்தார்.

"உங்க இஷ்டம்ங்க," என்றாள்.

"இஷ்டத்தைக் கேக்கவா போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்? கொடுக்கட்டுமா வேணாமா? ஒரு வார்த்தை சொல்லு போதும்."

வெறும் ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் நாளைக் காலைக்கு முன் பணிமனை முழுக்கத் தெரிந்துவிடும். அவன் சொல்லமாட்டான். ஆனால் முகத்தில் காட்டாமல் இருக்க அவனுக்குத் தெரியாது. அவளுக்கு இத்தனை வருடத்தில் அது நன்றாகத் தெரியும்.

பழைய கார் வாங்கலாமா என்று அவன் கேட்டபோது அவள் பேசவில்லை, வாங்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோதும் பேசவில்லை, அவன் போகவில்லை. வேண்டாம் என்று அவள் வாய் திறந்து சொன்னதே கிடையாது. அந்த வீட்டில் அதற்குத் தேவையே வந்ததில்லை.

சுவருக்கு அப்பால் இயந்திரம் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். காவலர் பார்த்தார். மூடிக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் அவன் மூச்சு கேட்டது. பிறகு லேசான சிரிப்பு. நிம்மதியான சிரிப்பு.

"சரி, புரிஞ்சுது. நீ பேசாம இருந்தா வேணாம்னுதானே எப்பவும் அர்த்தம்? அப்ப எழுதி வச்ச அந்த ஓய்வுத் தாளைக் கிழிச்சுப் போட்டுடறேன், என்ன?"