மாட்டுக்கு விட்ட வழி

சேகூபா த்ராவோரேன்னு ஒருத்தன். ரயில் ரோடு போடுற கம்பெனில இன்ஜினியர். நாப்பது வயசு ஆகப் போகுது, இன்னும் வாய் நிறைய சோத்தை வச்சுக்கிட்டுத்தான் பேசுவான். அவனை மாதிரி எனக்கு எரிச்சலைக் கிளப்புற ஆளும் இந்த உலகத்துல கிடையாது, அவனை மாதிரி செல்லமான ஆளும் கிடையாது. இதை அவன்கிட்ட மட்டும் போய்ச் சொல்லிடாதீங்க.

என் பேரு மக்கூரா. மக்கூரா கோந்தே. ரயிலுக்கு மண்ணுக் கரை போடுற இடத்துக்குப் பக்கத்துல தார்ப்பாய் கட்டி சோறு விக்கிறேன். எங்க மாந்தே மண்ணுல ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கேலிக் குலம் உண்டு. கோந்தேக்கு த்ராவோரே. உங்க மாமன் மச்சான் கிண்டலெல்லாம் இதுக்கு முன்னால சும்மா. என்ன வேணாலும் திட்டிக்கலாம், ஆனா கோவம் வரக் கூடாது. கோவப்பட்டவனோட குலத்துக்கே அசிங்கம். கேலியா ஒண்ணு கேட்டுட்டா இல்லைன்னும் சொல்ல முடியாது.

மொத நாளே வந்து நின்னு, கேலிக் குலத்துக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் வழக்கமா திட்டுற பேரைச் சொல்லிக் கத்தினான். "ஏ பயறு தின்னி! சோறு இருக்கா, இல்ல பயறுன்னு நெனச்சு எல்லாத்தையும் நீயே முழுங்கிட்டியா?"

"உன் பாட்டன் எங்க வீட்டுல தட்டு கழுவினவன்டா. நீயும் போய் ஒரு தட்டைக் கழுவிட்டு வா, போடுறேன்."

கழுவிட்டு வந்தான். கடலைக் குழம்பை ரெண்டு தடவை வாங்கி ஊத்திக்கிட்டான். அன்னையிலேர்ந்து தினமும் மத்தியானம் அவன் வந்து திட்டலேன்னா எனக்கு நாளு போன மாதிரியே இருக்காது.

ரயிலு எதுக்குன்னா, மலையில இருக்குற இரும்புக் கல்லை வெட்டி, கடற்கரையில நிக்கிற கப்பல் வரைக்கும் கொண்டு போக. மலையில பாதியை வெட்டியாச்சு, மீதியையும் வெட்டப் போறாங்களாம், அதுக்குத்தான் இந்த ரோடு. நான் ஒண்ணும் அதுக்கு எதிரி இல்ல. ஊருப் பசங்க நெறைய பேருக்கு வேலை, எனக்கு யாவாரம். கப்பலு நெறையட்டும், எனக்கென்ன வந்துச்சு?

ஆனா கரை எங்க வந்து உக்காந்துச்சு பாருங்க. ஊருக்கும் எங்க நெல்லு வயலுக்கும் நட்ட நடுவுல. ஆளு உயரத்துக்கு மூணு மடங்கு மண்ணு. நடுவுல ஒரு ஓடை, அது போறதுக்கு சிமெண்டுப் பெட்டி வைப்பாங்க, அது வழியாவே நீங்களும் போய்ட்டு வரலாம்னு சேகூபாதான் சொன்னான். சரின்னு இருந்தோம்.

பெட்டி லாரியில வந்து இறங்கின அன்னிக்குப் போய்ப் பார்த்தேன். உள்ளே நின்னா என் உச்சந்தலை கூரையில இடிக்குது. நான் வெறுங்கையோட வயலுக்குப் போறவளா? தலையில பேசின் நெறைய நெல்லு, முதுகுல பிள்ளை, இப்படித்தானே நாங்க வருவோம். சுமை தூக்குற பொம்பளை முழங்காலை மடக்குவா, கழுத்தை மடக்க முடியாது. மடக்குனா மொத்த நெல்லும் ஓடையில. சுத்திப் போகணும்னா பாலம் இருக்கு, போய்ச் சேர ஒரு மணி நேரம். அறுப்பு நேரத்துல ஒரு நாளைக்கு எத்தனை நடை நடக்கிறோம்னு அந்தப் படம் போட்ட மகராசனுக்கு எங்க தெரியும்!

கீழ்ப்பக்கம் அடுத்த பகுதியில பெரிய பெட்டி வச்சிருக்காங்க. உசரமா, அகலமா, ஒரு வீடே கட்டலாம். யாருக்குங்கிறீங்க? ஃபுலானிக்காரங்க மாடு ஓட்டிட்டுப் போறதுக்கு! மாடு கொம்பை ஆட்டிக்கிட்டு ராஜா மாதிரி போகும், நாங்க எலி மாதிரி போகணும்.

அன்னிக்கு நான் ஒரு தப்பு பண்ணினேன். சேகூபாகிட்ட நெசமாக் கேட்டுட்டேன்.

சோறு போடாம, திட்டாம, எதிர்ல உக்காந்து சொன்னேன். "தம்பி, இந்தப் பெட்டி வேண்டாம்ப்பா. பெருசா ஒண்ணு வச்சுக் குடு. எங்க வயித்துப் பாடு இது."

அவன் மூஞ்சி மாறிப் போச்சு. அவனும் நெசமாவே பதில் சொன்னான். "என் கையில இல்லக்கா. படம் மேலேர்ந்து வந்தது. ரெண்டு தடவை எழுதிக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. மீறி வச்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கங்கான் டவுன்ல என் ரெண்டு பொண்ணுங்க படிக்குது."

அக்காவாம்! அந்த வார்த்தை என்னை அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. கேலிக் குலத்துக்காரன் அக்கான்னு மரியாதையாக் கூப்பிட்டா, எங்கேயோ ஏதோ ஒடைஞ்சு போச்சுன்னு அர்த்தம். நானும் சரிப்பான்னு சொல்லி, தட்டை எடுத்து அவன் முன்னாடி வச்சேன். சாப்பிட்டுக் காசு குடுத்துட்டுப் போனான். மறுநாள் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. எனக்கும் சோறு எறங்கல, அவன் மேல இருந்த ஆத்திரத்தையெல்லாம் விறகு மேல காட்டினேன்.

கடைசி மழை கொட்டிக்கிட்டு இருந்த ஒரு நாளு. ஓடையோரத்துப் பள்ளத்துல தனியா நின்னு தண்ணி எறைக்கிற மோட்டாரைப் பார்த்துக்கிட்டு இருந்தான். போனேன். மேட்டுல நின்னுக்கிட்டுக் கத்தினேன்.

"டேய் தட்டுக் கழுவி! மாடு நிமிர்ந்து போகும், கோந்தே மட்டும் உங்க த்ராவோரே பொந்துக்குள்ள குனிஞ்சு போகணுமா? உனக்கு வெக்கமா இல்ல?"

தலையைத் தூக்கிப் பார்த்தான். வாய் ஓரத்துல மெல்ல சிரிப்பு வந்துச்சு. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

"மாடு பாலு குடுக்குது. கோந்தே என்ன குடுக்குது? பயறு தின்னுட்டு ஏப்பம்தானே விடுது? மாட்டுக்கு அப்புறம்தான்டி நீங்க எல்லாம்."

"சரிடா, நாங்களும் மாடுன்னே வச்சுக்கோ. அந்தப் பெரிய பெட்டியைக் குடு."

சிரிச்சுக்கிட்டு இருந்தவன் சட்டுனு நிறுத்திட்டான். தாடையைச் சொறிஞ்சான். "இந்தப் பாதையில மாடு போகுமா?"

"எப்பவாவது நம்ம ஃபுலானிக்கார யேரோ ஓட்டிக்கிட்டுப் போவான். வெயில் காலத்துல."

"எப்பவாவது போதும்" அப்படின்னான். "கேலியாக் கேட்டுட்டே. இனி நான் எப்படி இல்லைன்னு சொல்றது? இதை அன்னிக்கே கேட்டுத் தொலைச்சிருக்கக் கூடாதா, பயறு தின்னி!"

இது மாடு போற பாதைன்னு மேலே எழுதிப் போட்டான். அடுத்த பகுதியில ஒரு பெரிய பெட்டி செட்டு மிச்சம் கிடந்துச்சு. கிரேன்ல தூக்கி, ஓடையில இறக்கி வச்சான். நான் உள்ளே போய் நின்னு கையைத் தூக்கிப் பார்த்தேன், விரலுக்கும் எட்டலை. அவனுக்கு அன்னிக்கு ரெண்டு ஆள் சோறு போட்டேன். காசு வாங்கலை, அதுக்கும் சேர்த்துத் திட்டினேன்.

ஆனா மண்ணு மூடுறதுக்கு முன்னாடியே சேதி வந்துடுச்சு. படத்துல இல்லாத மாட்டுப் பாதை எங்கேர்ந்து முளைச்சதுன்னு பார்க்க பெரிய ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வராராம். மாடு இல்லைன்னா பெட்டியை எடுத்துடுவாங்க. சேகூபாவையும் சேர்த்து எடுத்துடுவாங்க.

யேரோகிட்ட ஓடினேன். "கவலையே படாதே, அன்னிக்கு மந்தையோட வந்து நிக்கிறேன்"னு நெஞ்சைத் தட்டிச் சொன்னான். அவன் நல்லவன்தான். ஆனா முந்தின ராத்திரி மழையில ஆறு பெருகி, அவனும் மாடும் அக்கரையில மாட்டிக்கிட்டாங்க.

வந்தவரு பேரு கெய்த்தா. தலைநகரம் கொனாக்ரியில தச்ச சட்டை, குடை, சேறு படாம எட்டு வைக்கிற நடை. வண்டி ஓட்டிக்கிட்டு வந்தவன் குலிபாலி. கெய்த்தாவுக்கு குலிபாலி கேலி முறை, அதனால வழி பூரா அவரைத் திட்டிக்கிட்டேதான் வந்திருப்பான். ஆனா கெய்த்தா சிரிக்கிற மூட்ல இல்ல. பாதையைக் குனிஞ்சு பார்த்தாரு.

"ஒரு சாணி கூடக் காணோமே?"

"மழையில... கரைஞ்சிருக்கும் ஐயா."

"குளம்புத் தடமும் கரைஞ்சிருச்சா? த்ராவோரே, நேராச் சொல்லு. இங்கே மாடு இருக்கா, இல்லையா? இல்லைன்னா இன்னிக்கே பெட்டியைத் தூக்கிட்டு சின்னதை வை. அப்புறம் உன் பையைக் கட்டிக்கோ."

சேகூபாவுக்கு வாய் நெறையப் பேச்சு வரும், பொய்யி மட்டும் வராது. அவன் உதட்டைப் பார்த்தேன். இல்லைன்னு சொல்லப் போறான்னு தெரிஞ்சுடுச்சு. 

அறுத்த நெல்லு பேசின்ல இருந்துச்சு. தலையில வச்சேன். யாரையும் பார்க்கலை. இன்னும் மண்ணு மூடாத பெட்டியைச் சுத்திப் போய் அந்தப் பக்கம் நுழைஞ்சு, தண்ணிக்குள்ள நடந்து, இந்தப் பக்கம் கெய்த்தா மூஞ்சிக்கு நேரா வெளியே வந்து நின்னேன். நின்னு, தொண்டை கிழிய "ம்மா"ன்னு கத்தினேன்.

மண்வெட்டிச் சத்தம் நின்னு போச்சு. எங்க ஊரே கரை மேல நின்னு பார்க்குது. என் கூடப் பொறந்தவனும் அதுல நிக்கிறான்.

"என்னம்மா இது?"

"மாட்டைக் கேட்டீங்களே ஐயா. நான்தான்."

"அம்மா, விளையாடாதீங்க. இது கம்பெனி காசு."

"நான் கோந்தே, இவன் த்ராவோரே. கோந்தே எல்லாம் மாடுன்னு இவன் சொன்னான். நெசமாவே அப்படித்தான் நம்புறான், இவங்க அப்பனும் அப்படித்தான் நம்பினான். நானும் ஒத்துக்கிட்டேன். எங்க ரெண்டு குலத்துக்கு நடுவுல பேசினதைப் பொய்யின்னு நீங்க எழுதுவீங்களா? எழுதிட்டு உங்க ஊருல போய்ச் சொல்வீங்களா?"

கோந்தேங்கிற பேருக்கு இப்படி ஒரு அவமானத்தை எந்தக் கோந்தேயும் தானா வாங்கிக்கிட்டதில்ல. த்ராவோரேங்க இதைப் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க. தெரிஞ்சுதான் கத்தினேன். அவன் போயிடக் கூடாதுன்னு இருந்துச்சு, வேற ஒண்ணும் தோணலை.

 அப்பத்தான் பின்னாலே இன்னொரு "ம்மா" கேட்டுச்சு. எங்க ஊருச் சின்னப் பொண்ணு நாஞ்ஞூமா, தலையில விறகுக் கட்டோட பெட்டிக்குள்ளேர்ந்து வந்தா. அவ பின்னாலே இன்னொருத்தி. எங்க பொம்பளைங்க வரிசையா கத்திக்கிட்டே வந்தாளுங்க, பெட்டிக்குள்ள எதிரொலிச்சு ஒரு சந்தையே கிளம்பின மாதிரி ஆயிடுச்சு.

குலிபாலி வண்டியைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சான். "எழுதுய்யா கெய்த்தா! மந்தையே வந்திருச்சு, பயறு தின்ன கண்ணுக்குத் தெரியலையா?"

"நீ வாயை மூடு" அப்படின்னாரு கெய்த்தா. ஆனா கோவப்பட முடியாதே அவராலே! குடையை மடக்கினாரு. மழையில நனைஞ்சுக்கிட்டே எங்க தலைச் சுமையையும் பெட்டிக் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாரு.  அப்புறம் சேகூபா பக்கம் திரும்பி, "மாடு இருக்கு"ன்னாரு. "நாளைக்கே மண்ணைப் போட்டு மூடு. அதுங்க அறுப்புக்குப் போகணும்."

வண்டி போன பின்னாடி என் கூடப் பொறந்தவன் கரை மேலேர்ந்து, "குலத்தையே கொட்டில்ல கட்டிட்டியேடி"ன்னு கத்தினான். போடான்னேன்.

சேகூபா பெட்டி வாசல்லயே உக்காந்துட்டான். பேசினை இறக்கி வச்சுட்டு, திட்டுவான்னு காத்துக்கிட்டு நின்னேன். திட்டலை. தோளு குலுங்குது. ஒரு த்ராவோரே, அத்தனை பேரு எதிர்ல, என்னைப் பார்த்து அழறான்.

"ஏன்டா, மாட்டையே பார்த்ததில்லையா நீ?"

சட்டையில மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டான். எனக்கும் கண்ணு நெறைஞ்சு போச்சு. நான் எதுக்கு மறைக்கணும்?

"நெல்லு நனையுது. எந்திரிச்சு தூக்கி விடு."

எந்திரிச்சான். பேசினைத் தூக்கி என் தலையில வச்சான். நாலு நெல்லு மணி சிந்துச்சு. நான் கழுத்தை மடக்காம நேரா உள்ளே நடந்தேன்.